சாது மிரண்டால்... கையில் உட்கார்ந்த டரான்டுலா திடீரென்று கால் தூக்குவது ஏன்?

12-1-2023, இரவு 11.20

குழு நண்பர்களே, இரண்டு வருடமாகக் கையில் ஏறி அமைதியாக உட்கார்ந்த டரான்டுலா (முடி அடர்ந்த பெரிய சிலந்தி) ஒரே வாரத்தில் ரவுடியாக மாறுமா?

என்னிடம் இருப்பது கிராமோஸ்டோலா, சிலி ரோஜா என்பார்களே அந்த வகை. காலோடு சேர்த்து அளந்தால் 13 சென்டிமீட்டர். பெயர் மாயாண்டி. வரும்போதே பெரியவன், வயது தெரியாது. இதுவரை ஒருமுறைகூட முறைத்ததில்லை. மாதம் இரண்டு தடவையாவது வெளியே எடுப்பேன். உள்ளங்கையில் ஏற்றினால் வைத்தது வைத்தபடி இருப்பான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் 'கோழிக்குஞ்சு மாதிரி' என்று பெருமையடித்ததும் உண்டு.

இன்று தண்ணீர் மாற்ற மூடியைத் திறந்தேன். இரண்டு முன்னங்கால்களையும் தூக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்து, பல் இரண்டையும் விரித்துக் காட்டினான். சரி, விளையாட்டு என்று தட்டை நகர்த்தினேன். விளிம்பில் ஒரு அடி விழுந்தது. பிளாஸ்டிக்கில் பல் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. கையை எடுத்துப் பார்த்தால் விளிம்பில் நிறமில்லாத ஒரு சொட்டு. அது தண்ணீர் இல்லை.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இங்கே ஒரு தொட்டிக்கே இந்தப் பாடு. கையில் பழகியதெல்லாம் மறந்துபோகுமா? இல்லை, உடம்புக்கு ஏதாவதா?

13-1-2023, காலை 7.05

தொட்டி அளவு, மண், சூடு, கடைசியாக என்ன மாற்றினாய் என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். தரை 60க்கு 30 சென்டிமீட்டர், உயரம் 35. மண் மூன்று விரல் ஆழம். அறைச் சூடு 24 டிகிரி, விளக்கு, சூடேற்றும் பாய் எதுவும் கிடையாது. ஒளிந்துகொள்ள ஒரு பாதி மரப்பட்டை. தீனி பத்து நாளுக்கு ஒரு சுவர்க்கோழி.

கடைசியாக எதுவும் மாற்றவில்லை.

13-1-2023, காலை 7.40

மாற்றியிருக்கிறேன். பல் துலக்கும்போது ஞாபகம் வந்தது. போன வாரம் பழைய மண்ணை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதுத் தென்னைநார்த் தூள் நிரப்பினேன். செங்கல்லாக வருமே, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து போடுவது. பிழிந்தேன். எவ்வளவு பிழிந்தேன் என்று கேட்காதீர்கள்.

13-1-2023, இரவு

தண்ணீர்த் தட்டில் பஞ்சு வைத்ததும் தப்பாம். எடுத்துவிட்டேன். இவ்வளவு பெரிய சிலந்தி தட்டிலேயே நேராக வாய் வைத்துக் குடிக்கும். பஞ்சு கிருமிக்குத்தான் வீடு. இரண்டு வருடமாக அதை ஒரு சேவை மாதிரி செய்துகொண்டிருந்தேன்.

16-1-2023

மண்தான் என்று நீங்கள் சொன்னதும், இன்று மாலை விளக்கை அணைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து ஒரு மணிநேரம் பார்த்தேன். தொட்டியைத் திறக்காமல், தட்டாமல், சும்மா. இதை ஏன் முன்பே செய்யவில்லை என்று தெரியவில்லை. எடுப்பேன், காட்டுவேன், திரும்ப வைப்பேன், பார்த்ததில்லை.

எட்டுக் காலும் நுனியில் நிற்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பவர்களைப் போல, பாதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு காலாக எடுத்து எடுத்து வைக்கிறான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்த் தட்டின் மேல் ஏறி உட்கார்ந்தான். அப்புறம் கண்ணாடிச் சுவரில். சிலியின் வறண்ட புதர்க்காட்டிலிருந்து வந்த சாதிக்குச் சேற்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இதில் இன்னொரு தப்பும் தெரிந்தது. மூன்று விரல் மண், 35 சென்டிமீட்டர் உயரம். அவன் சுவரில் ஏறி மேலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். டரான்டுலாவின் வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன்தான். மேல் தோல் அவ்வளவு மெல்லியது. தரையில் வாழும் வகைக்கு மண்ணிலிருந்து மூடிவரை கால் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று இங்கே ஒருவர் சொன்ன கணக்குப்படி எனக்கு 20 சென்டிமீட்டருக்குள்தான் வரவேண்டும். மண்ணை ஏற்ற வேண்டும்.

முன்னங்காலில் (முதிர்ந்த ஆணுக்கு வரும்) கொக்கி இருக்கிறதா, இல்லையென்றால் பெண்ணாக இருக்குமோ என்று ஒருவர் கேட்டிருந்தார். மாயாண்டி ஆண்தான். முகத்திலேயே தெரிகிறது.

22-1-2023

காய்ந்த மண், கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம், அழுத்திப் போட்டாயிற்று. மாற்றும்போது அவனை ஒரு டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி எடுத்தேன். முதல் தடவையாகக் கை படாமல். போகும்போது ஒரு பரிசு கொடுத்தான்: பின்னங்கால்களால் முதுகை வேகமாகச் சுரண்டினான், ஒரு மெல்லிய புகை மாதிரி எழுந்தது. பத்து நிமிடத்தில் இரண்டு மணிக்கட்டும் சிவந்து தடித்துவிட்டது.

சுணை. கம்பளிப்பூச்சி பட்டால் வருமே, அதன் பெரிய அண்ணன். அமெரிக்கக் கண்டங்களின் டரான்டுலாக்கள் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றில் இந்த முடி உண்டு. ஆசியா, ஆப்பிரிக்காப் பக்கத்து வகைகளுக்குக் கிடையாது, அதற்கு ஈடாக அவற்றுக்கு வேகமும் கடுமையான நஞ்சும். ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டிப் பிய்த்து எடுத்து, பிறகு கழுவினேன். சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். நான் சொறிந்தேன்.

கண்ணை மட்டும் தொடவில்லை. அதற்குக் காரணம் லான்செட் மருத்துவ இதழில் 2010ல் வந்த ஒரு குறிப்பு. இங்கிலாந்தின் லீட்ஸில் ஒருவர் தன் சிலந்தியின் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அது சுணையை முகத்தில் உதறிவிட்டது. மூன்று வாரமாகக் கண் சிவந்து நீர் வடிந்து மருத்துவமனைக்குப் போனால், கருவிழிக்குள் முடிகள். வெறும் கையால் எடுக்க முடியாது, இடுக்கியாலும் முடியவில்லை. அவர் வைத்திருந்ததும் இதே சிலி ரோஜாதான். தொட்டியில் கை வைக்கும்போது கண்ணாடி போடுங்கள் என்று இனிமேல் நானும் சொல்லுவேன், இத்தனை நாள் போடாதவன் என்ற முழுத் தகுதியோடு.

23-1-2023

இல்லை, கடி வாங்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஏன் இத்தனை ஆவல்? இந்த வகை கடித்தால் பெரும்பாலும் தேனீ கொட்டியது மாதிரி வலித்து அடங்கும் என்கிறார்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது வேறு கதை.

29-1-2023

மண் காய்ந்து ஒரு வாரம். நுனிக்காலில் நிற்பது போய்விட்டது, பாதம் முழுக்கப் பதிகிறது. ஆனால் மூடியைத் தொட்டால் கால் மேலேதான். என் கணிப்பு பாதிதான் சரி.

பல்லி வளர்க்கும் நண்பர் ஒருவர், 'போன மாதம் அவனைக் கீழே போடப் பார்த்தாயே, அந்தக் கோபம்' என்றார். (ஆமாம், போன மாதம் கையிலிருந்து சட்டைக் கைக்குள் ஓடினான். நான் உதறவில்லை. உதறத்தான் கை போனது.) ஒரு மாதம் கறுவிக்கொண்டு இருக்க டரான்டுலாவுக்கு முடியும் என்று நான் நம்பவில்லை.

5-2-2023

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். சிரிக்கக்கூடாது.

புது வருடத்துக்கு மகன் ஒரு மீன்தொட்டி வைத்தான். அதன் காற்று மோட்டார் மாயாண்டி இருக்கும் அதே அலமாரியில், ஒரு தட்டு கீழே. எனக்கு அந்தச் சத்தமே கேட்பதில்லை, அவ்வளவு சன்னம். நேற்று ராத்திரி டரான்டுலாவின் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு எதையோ தேடினேன். திரும்பிப் பார்த்தால் டம்ளரின் மேல் வட்டத்தில் நுண்ணிய சுருக்கம், வட்டத்துக்குள் வட்டமாக, நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. மோட்டாரின் வயரைப் பிடுங்கினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. சொருகினேன், நடுக்கம். நாலைந்து தடவை செய்து பார்த்தேன். மகன் வந்து 'மீன் பாவம்பா' என்றான்.

யோசித்துப் பாருங்கள். இவனுக்குக் கண் எட்டு, ஆனால் வெளிச்சம், இருட்டு, ஏதோ பெரிதாக நகர்கிறது என்பதைத் தாண்டி அதிகம் தெரியாது. காது கிடையாது. உலகம் முழுவதும் காலிலும் உடம்பிலும் இருக்கும் முடிகள் வழியாகத்தான் வருகிறது: தரை அதிர்வு, காற்றின் அசைவு. இரை வருவதும் அதிர்வு, எதிரி வருவதும் அதிர்வு. ஒரு மாதமாக இரவும் பகலும் யாரோ கதவை இடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கதவைத் திறந்து நான் எட்டிப் பார்க்கிறேன், கையில் ஒரு தட்டோடு.

தொட்டியை எதிர்ச் சுவரோரம் தனி மேசைக்கு மாற்றிவிட்டேன். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு.

9-2-2023

ஆள் நாலு நாளாக மரப்பட்டைக்கு அடியில். வாசலில் ஒரு காலின் நுனி மட்டும். வாடகைக்குக் குடிவந்தவன் மாதிரி மண்ணை வாரி வாரி வெளியே கொட்டியிருக்கிறான். இரண்டு வருடத்தில் இவன் தோண்டி நான் பார்த்ததில்லை. தோண்ட மண் இருந்தால்தானே.

18-2-2023

தண்ணீர் மாற்றினேன். கால் தூக்கவில்லை. மூடி திறந்ததும் மெதுவாகப் பின்னால் நகர்ந்து வளைக்குள் போனான். அவ்வளவுதான் வேண்டும்.

நடுவில் வேறு கதை: டரான்டுலா என்ற பெயரே இந்தக் கூட்டத்துக்கு இரவல். தெற்கு இத்தாலியில் தரந்தோ என்ற ஊர். அங்கே இருந்த ஓநாய்ச் சிலந்திக்குத்தான் முதலில் அந்தப் பெயர். அது கடித்தால் ஆடி ஆடித்தான் நஞ்சை இறக்க வேண்டும் என்று நம்பி ஊரே ஆடியிருக்கிறது. கடித்ததாகச் சொல்லப்பட்ட சிலந்தி உண்மையில் அப்படியொன்றும் ஆபத்தானதில்லை. பிறகு கடல் தாண்டிப் போனவர்கள் முடி அடர்ந்த பெரிய சிலந்திகளைக் கண்டதும் பழைய பெயரையே ஒட்டிவிட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் டரான்டுலா.

2-3-2023, இரவு 1.15

தூக்கம் வரவில்லை, கைப்பேசியில் பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாயாண்டி என் உள்ளங்கையில் இருக்கும் படங்கள் மொத்தம் 41. எண்ணினேன்.

நாற்பத்தொன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறான். எட்டுக் காலையும் உடம்போடு ஒட்ட இழுத்து, முன்னங்கால் இரண்டின் முட்டியையும் தலைக்கு மேல் குவித்து, கண்களை மூடிக்கொள்கிற மாதிரி. இப்போது தினமும் வளை வாசலில் பார்க்கிறேனே, அங்கே இப்படி உட்காருவதில்லை. கால்களை அகல விரித்து, கையெழுத்துப் போட்ட மாதிரி தாராளமாகப் பரப்பித்தான் கிடப்பான். அந்தக் குவித்த நிலையை மறுபடி பார்த்தது ஒரே நாள்: மண் மாற்ற அவனை டப்பாவில் அடைத்தபோது.

ஆகவே முதல் நாள் நான் எழுதியதைத் திருத்துகிறேன். 'இரண்டு வருடமாக அமைதியாக உட்கார்ந்தான்' என்பது தப்பு. இரண்டு வருடமாக உறைந்துபோய் உட்கார்ந்தான். சாது மிரண்டால் என்று பழமொழி சொன்னேன். சாது முதலிலிருந்தே மிரண்டுதான் இருந்திருக்கிறது. ஜனவரியில் குணம் ஒன்றும் மாறவில்லை. அதே பயம்தான், அதுவரை ஒடுங்கியது, அப்புறம் எழுந்து நின்றது. ஒடுங்கினபோது எனக்குப் பிடித்திருந்தது, அதற்கு 'பழக்கம்' என்று பெயர் வைத்தேன்.

கோழிக்குஞ்சு என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

3-3-2023

நேற்று எழுதியது அதிகப்படி என்று சிலருக்குப் பட்டிருக்கிறது. ஒருவரின் சுருள்முடிச் சிலந்தி, கையைத் தொட்டியில் வைத்தால் தானே வந்து ஏறுகிறதாம், கால்களை விரித்து சாவகாசமாக நடக்கிறதாம். நம்புகிறேன். அண்ணா, அது உங்களைத் தேடி வருகிறது என்பதை மட்டும் நம்ப முடியவில்லை. கை அதற்கு ஒரு மேடு. கொஞ்சம் சூடான மேடு. காலால் தட்டிப் பார்த்து, அசையவில்லை, காற்று அடிக்கவில்லை என்றால் ஏறும். மூச்சுவிட்டுப் பாருங்கள், அதே சிலந்தி துள்ளும்.

இன்னொன்று. வகைக்கு வகை சுபாவம் வேறு என்பதை நான் மறுக்கவில்லை. சுருள்முடியையும் மெக்சிகோச் செம்முட்டியையும் சாது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆப்பிரிக்கப் பபூன் சிலந்தியை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் அது ஊர்ச் சராசரி. சிலி ரோஜாவிலேயே கல் மாதிரி கிடப்பதும் உண்டு, தண்ணீர் ஊற்றினாலே தாக்குவதும் உண்டு. ஒரே சிலந்தி சட்டை உரித்த பிறகு வேறு ஆளாக வருவதும் உண்டு என்று பலர் இங்கேயே எழுதியிருக்கிறீர்கள்.

கையில் எடுப்பதை நிறுத்திவிட்டேன். அவனுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. விழுந்தால் நஷ்டம் முழுக்க அவனுடையது. எனக்குத்தான் கை கொஞ்சம் வெறுமையாக இருக்கிறது. அந்தப் பாதங்களின் எடையே இல்லாத எடை, நுனியில் பூனைப் பாதம் மாதிரி ஒட்டி ஒட்டி எழும் அது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

20-4-2023

சாப்பிட மறுக்கிறான். பிப்ரவரி நடுவில் ஒரு சுவர்க்கோழி, அதுதான் கடைசி.

21-4-2023

பதறாதே என்று ஒன்பது பேர், பதறு என்று ஒருவர். ஒன்பது பேர் பக்கம் போகிறேன். சிலி ரோஜா மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், ஒரு வருடத்தைத் தாண்டியதும் உண்டு. பார்க்க வேண்டியது நாள்காட்டியை இல்லை, வயிற்றை. வயிறு தலைமார்பைவிடச் சின்னதாகச் சுருங்கினால், தோல் சுருக்கம் விழுந்தால், முதலில் தண்ணீரைப் பார். மாயாண்டிக்கு வயிறு நல்ல திராட்சை மாதிரி திரண்டிருக்கிறது. தட்டில் தண்ணீர் எப்போதும் இருக்கிறது.

என் தப்பு ஒன்று: சாப்பிடுவான் என்று சுவர்க்கோழியை இரண்டு நாள் உள்ளேயே விட்டுவிட்டேன். அது அவன் காலருகே உட்கார்ந்து மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. சட்டை உரிக்கும் நேரமாக இருந்திருந்தால் சாப்பாடு திரும்பி இவனைச் சாப்பிட்டிருக்கும். உரிக்கும்போது சிலந்தி அவ்வளவு மெத்தென்று இருக்கும். இனி ஒரு இரவுதான், காலையில் வெளியே.

6-6-2023

இல்லை, இன்னும் சாப்பிடவில்லை. கேட்டதற்கு நன்றி.

எவ்வளவு காலம் வாழும் என்று புதிதாக வந்த தம்பி கேட்டிருக்கிறார். பெண் என்றால் இருபது வருடத்தையும் தாண்டலாம். ஆண் அதில் பாதிகூட இல்லை. கடைசிச் சட்டையை உரித்து, முன்னங்காலில் கொக்கி வந்ததும் துணை தேடி அலையத் தொடங்கும், அப்புறம் மாதக்கணக்குதான், நல்ல வகையில் ஒன்றிரண்டு வருடம். தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கிறது: மேற்கு ஆஸ்திரேலியாவில் பொறிக்கதவு வைத்து வளையில் வாழ்ந்த ஒரு பெண் சிலந்தி. ஆய்வாளர்கள் வைத்த பெயர் 16ஆம் எண். 1974 முதல் அங்கே கணக்கெடுத்து வந்தார்கள், 2016ல் அது இறந்தபோது வயது 43. முதுமையால்கூட இல்லை, ஒட்டுண்ணிக் குளவி வளைக்குள் புகுந்திருக்கிறது. ஆகவே தம்பி, வாங்குவதற்கு முன் நாற்பது வயதில் எங்கே இருப்பீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

14-8-2023

வயிற்றில் சுணை உதிர்ந்து வழுக்கையான திட்டு ஒன்று உண்டு, இத்தனை நாள் வெளிர் பழுப்பாக இருந்தது. இப்போது நாகப்பழ நிறம். தோலுக்கு அடியில் புது முடி, சட்டை உரிக்கும் நேரம். வளை வாசலை மண்ணும் நூலும் வைத்து அடைத்துவிட்டான். போ, போய்த் தூங்கு.

29-8-2023

பகல் இரண்டரை மணிக்கு மனைவியிடமிருந்து அழைப்பு. 'ஏங்க, உங்க மாயாண்டி செத்துப்போச்சு. மல்லாந்து கிடக்கு.'

நான் அலுவலகத்தில் நாற்காலியைவிட்டு எழுந்து, 'தொடாதே, தொட்டியைக்கூடத் தொடாதே' என்று போட்ட சத்தத்தில் பக்கத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செத்த டரான்டுலா மல்லாந்து கிடக்காது. பெரும்பாலும் நேராகவே இருக்கும், கால்கள் மட்டும் அடியில் சுருண்டு உள்ளே போயிருக்கும். காலை மடக்கத் தசை உண்டு. முக்கியமான இரண்டு மூட்டுகளை நீட்டத் தசை இல்லை, உடம்புத் திரவத்தை அழுத்தித்தான் நீட்டுகிறது. உயிர் போனால் அழுத்தம் போகிறது, கால் சுருளும். மல்லாந்து, கால்களை அகல விரித்துக் கிடந்தால் அது பிரசவ அறை. கதவைச் சாத்திவிட்டு வெளியே நில்.

அடைத்த வாசலை எப்போது திறந்தானோ, வளைக்கு வெளியே, கண்ணாடி ஓரம், வெள்ளை நூலில் பாய் மாதிரி நெய்து அதன் மேல் படுத்திருக்கிறான். ஐந்தே காலுக்கு வீட்டுக்கு வந்தேன். தலைமார்பின் மேலோடு அதற்குள் டப்பா மூடி மாதிரி திறந்திருந்தது. பக்கவாட்டில் தோல் கிழிந்து, உள்ளிருந்து ஈரமான வெளிறிய உடம்பு. பிறகு கால்கள். இறுக்கமான எட்டுக் கையுறைகளை ஒரே நேரத்தில், கையே இல்லாமல் கழற்ற வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? ஒரு இழுப்பு, நிறுத்தம், ஒரு இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் அரிசி மணி அளவுதான் வெளியே வருகிறது. நான் மூச்சை அடக்கி அடக்கி விட்டுக்கொண்டிருந்ததை மகன் சொல்லித்தான் உணர்ந்தேன்.

ஏழு மணிக்கு முடிந்தது. பக்கத்தில் இன்னொரு மாயாண்டி, காலியாக.

30-8-2023

பல் பால்வெள்ளை. முட்டை ஓட்டில் செய்து ஒட்டின மாதிரி. இது சிவந்து, அப்புறம் கருத்து இறுகும்வரை தீனி போடக்கூடாது; கடித்தால் பல் வளையும். தண்ணீர் மட்டும்.

உரித்த சட்டையை எடுத்துவிட்டேன். எல்லாம் அதில் இருக்கிறது: பழைய பல், வாய்க்குள்ளிருந்த தோல், ஏடு ஏடாகச் சுவாசப்பை உறைகூட. புது ஆளுக்கு எல்லாம் புதிது.

31-8-2023

திருத்தம். பெரிய திருத்தம்.

சட்டையின் வயிற்றுப் பகுதியை ஒரு சொட்டு சோப்புக் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, ஈரக் காகிதத்தை விரிக்கிற மாதிரி மெதுவாக விரித்து, மேல் ஜோடிச் சுவாசப்பைகளுக்கு நடுவே உருப்பெருக்கியில் பார்த்தேன். இரண்டு குட்டி முட்டுகள். விந்தைச் சேமித்து வைக்கும் பை. ஆணுக்கு அது கிடையாது.

மேலே எங்கெல்லாம் 'அவன்' என்று இருக்கிறதோ அங்கெல்லாம் 'அவள்' என்று படித்துக்கொள்ளவும். ஜனவரியிலேயே கொக்கி இருக்கிறதா என்று கேட்டவருக்கு என் மன்னிப்பு. முகத்திலேயே தெரிகிறது என்று சொன்னவனை என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மனைவியின் யோசனைப்படி இனி பெயர் மாயக்கா.

13-9-2023

பல் கருத்தது. டுபியா கரப்பான் ஒன்று, நடுத்தர அளவு. போட்ட நொடி தெரியாது, எடுத்த நொடி தெரியாது. ஏழு மாதப் பட்டினி முடிந்தது. அதைக் கவ்வியபடியே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றித் தரையில் நூல் விரித்தாள். அந்த நடனத்தை மூன்று தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்தோம், மகன் படமெடுத்திருந்தான்.

2-11-2023

கேட்டவர்களுக்காக: சட்டைக்குப் பிறகு சுபாவம் மாறியதா? சுறுசுறுப்பு கூடியிருக்கிறது. முன்பு மூடியைத் திறந்தால் வளைக்குள் போவாள். இப்போது நின்று, முன்னங்கால் ஒன்றை மட்டும் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொள்கிறாள். தாக்குவதில்லை. காற்றைத் தொட்டுப் பார்க்கிறாள் என்று நான் எழுதினால், ஆறு மாதம் கழித்து அதையும் திருத்த வேண்டியிருக்கும். ஒரு கால் தூக்கியிருக்கிறது. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

11-1-2024

புதிதாகத் தொடங்குகிற ஒருவர் நீல நிற மரச் சிலந்தியைத்தான் முதலில் வாங்குவேன் என்கிறார். பொய்சிலோதீரியா மெட்டாலிகா. அழகுதான், மறுக்கவில்லை. 1899ல் ஆந்திராவின் குத்தி ஊரில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து விவரிக்கப்பட்டது. நூறு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் 2001ல்தான் காட்டில் மறுபடி கண்டார்கள். அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2019ல் அந்தப் பேரினமே காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது, ஆகவே எங்கிருந்து வந்தது, ஆவணம் இருக்கிறதா என்று கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

அதெல்லாம் போகட்டும். அந்தச் சாதி கண் இமைப்பதற்குள் உங்கள் முழங்கையில் இருக்கும். கடித்தால் சாவு என்று யாரும் சொல்லவில்லை. நாள்கணக்கில் தசை இழுத்துப் பிடிக்கும். நான் இரண்டு வருடம் ஒரு மந்தமான சிலந்தியையே தப்புத் தப்பாகப் படித்தவன். வேகமான ஒன்றை எந்த வேகத்தில் படிப்பீர்கள்?

12-1-2024

சரி, கொஞ்சம் கடுமையாகிவிட்டது. தம்பி கோபித்துக்கொண்டு போய்விட்டார் போல. திரும்பி வந்தால் மண் எவ்வளவு ஆழம், தொட்டி எங்கே வைப்பது என்றெல்லாம் எழுதித் தருகிறேன். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மாயக்கா மறுபடி தண்ணீர்த் தட்டை மண்ணால் நிரப்பி, அதன் மேல் நூலும் போட்டிருக்கிறாள். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. கழுவி வைக்க வேண்டும். நீள இடுக்கியை மகன் மீன்தொட்டிக்கு எடுத்துப் போயிருக்கிறான்.